கத்தினேன் என்று சொன்னவள்

ஜூலை 7, திங்கள்

கல்லூரி முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார். நான் பழக்கும் பெண்கள் கால்பந்து அணிக்கு, டிஃபென்ஸுக்குத் தனியாக ஒரு கோச் தரப்போகிறாராம். மூன்று வருடமாக நான் கேட்டபோதெல்லாம் காதில் விழாத மாதிரி கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தவர், இன்று பல்லெல்லாம் தெரிய ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். போட்டோவைப் பார்த்தேன். என் தங்கை.

"உங்க வீட்டுப் பொண்ணுதானே? உங்களுக்கும் வசதி. ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க, முடிஞ்சுது."

வசதியாம்! நாங்கள் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது என்று இவரிடம் யார் சொல்வது? சனிக்கிழமை தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஜூலை 8

இடது சுண்டுவிரல் இன்று மடங்கவே மாட்டேன் என்கிறது. இந்தக் கோணல் விரலைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஞாபகம்தான் வந்து தொலைக்கிறது.

பதினோரு வருடத்துக்கு முன்னால், அரையிறுதி. நான் கீப்பர், எனக்கு முன்னால் டிஃபென்ஸில் அவள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம். பந்து உயரமாக வருகிறது. என் பந்து. "கீப்பர்!" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தேன். கீப்பர் கத்தினால் டிஃபென்ஸ் விலகிவிட வேண்டும். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவள் விலகவில்லை. தலையால் முட்ட எகிறினாள். மோதி விழுந்தோம், பந்து தன்பாட்டில் உருண்டு உள்ளே போனது. எனக்கு விரல் போனது, அவளுக்கு முழங்கால்.

ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு என்ன சொன்னாள்? "நீ கூப்பிடவே இல்லக்கா." எல்லார் முன்னாலும்!

"கத்தினேன். அவளுக்குக் காது செவிடுன்னா நான் என்ன பண்றது?" பத்திரிகைக்காரர் கேட்டபோது அதையேதான் சொன்னேன். அப்படியே பேப்பரில் போட்டார். நான் அதற்கப்புறம் நாலு வருடம் ஆடினேன். அவள் ஆடவில்லை.

ஜூலை 10

அம்மா போன்.

"அந்தக் காலை வெச்சுக்கிட்டு ஸ்கூல்ல பிள்ளைங்கள வரிசையில நிக்கவெச்சுட்டு இருக்கா. அவளே இறங்கி வந்து கேக்கறா. நீ கொஞ்சம் விட்டுக்குடுத்தா கொறஞ்சா போயிடுவ?"

"என்கிட்ட கேக்கலம்மா. காலேஜ்லதான் கேட்டிருக்கா."

"எல்லாம் ஒண்ணுதான்டி."

ஒன்றில்லை. என்னிடம் வந்து 'நான்தான் கேட்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அது மட்டும் வாயில் வராது மகாராணிக்கு.

ஜூலை 12, சனி

எழுதிக் கொடுத்துவிட்டேன். "கீப்பர் குரலைக் காதில் வாங்காதவரால் டிஃபென்ஸைப் பழக்க முடியாது. இவரை எடுக்க வேண்டாம்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "சொந்தத் தங்கச்சிதானே?"

"ஆமா சார். அதனாலதான் அடிச்சுச் சொல்றேன்."

தேர்வுக் குழு 21ஆம் தேதி கூடுகிறது. மதியம் நன்றாகப் பசித்தது.

ஜூலை 15

எங்கள் கீப்பருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது யாரோ, கை கொடுக்கலாம். ஷூ கயிறு கட்டும்போதும் வாய் ஓயாது. பயிற்சியில் தொண்டை கிழியக் கூப்பிடுகிறாள். என்னை மாதிரி.

ஜூலை 19, சனி

தோற்றோம், ஒரு கோலில். எப்படி? அதே மாதிரி! உயரப் பந்து, ரேடியோ வெளியே வர, டிஃபென்ஸ் பெண் எகிற, டமால். அந்த டிஃபென்ஸ் பெண்ணின் உதட்டில் மூன்று தையல்.

"கத்தினேன் மேம்! சத்தியமா!" ரேடியோ அழுகிறாள்.

"கூப்பிடல மேம்." மற்றவள், பஞ்சைக் கடித்துக்கொண்டு.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "கீப்பர் சொன்னா சொன்னதுதான்! அடுத்த மேட்ச் உனக்கு பெஞ்ச்!" என்று தையல் போட்ட வாயைப் பார்த்தே கத்தினேன்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று மேட்சில் எங்கள் கோலுக்குப் பின்னால் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டி வாயை அடைக்கலாம் என்று, முதலில் நான் பார்த்தேன்.

வலை அசைவது கேட்கிறது. ரேடியோவின் ஷூ தரையில் உரசுவது கேட்கிறது. அவள் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கிறது. அப்புறம் மோதல்.

சத்தத்தை முழுக்க ஏற்றி நாலு தடவை பார்த்தேன், 'கீப்பர்' என்ற கத்தலுக்காக. இல்லை.

ரேடியோவை வரவழைத்துக் காட்டினேன். முகம் செத்துவிட்டது. "எனக்குக் கேட்டுச்சே மேம்..."

பொய் சொல்லவில்லை அவள். மூச்சை இழுத்தாள், பயத்தில் மண்டைக்குள்ளேயே கத்தினாள், அது அவளுக்குக் கேட்டது.

எனக்கும் கேட்டதே. இன்றைக்கும் கேட்கிறதே — அன்று களத்தில் எங்கள் அணியில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள், ஒருத்தியையாவது 'உனக்குக் கேட்டதா' என்று கேட்டேனா? ஏன் கேட்கவில்லை? அடிப்பாவி. தெரிஞ்சுதான் கேக்காம இருந்தியா?

காலும் போச்சு, பேரும் போச்சு அவளுக்கு. மிச்சமிருந்த வேலையையும் நான்—

ஜூலை 21, திங்கள்

குழு பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே முதல்வர் வாசலில் நின்றேன்.

"அந்த லெட்டரைத் திருப்பிக் குடுங்க சார்."

"இப்ப வந்து இப்படிச் சொன்னா எப்படிம்மா? என்னாச்சு?"

"அவ காதுல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் கூப்பிடல."

"அதையும் எழுதிக் குடுங்க." எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

வெளியே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். முழங்கால் மடங்காது போலிருக்கிறது, காலை நீட்டியே வைத்திருந்தாள். எனக்கு அது தெரியவே தெரியாது.

"அன்னைக்கு நான் கூப்பிடல" என்றேன்.

"தெரியும்." நிமிரவில்லை. "பேப்பர்லயும் சொல்லுவியா?"

பேனா மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"போ. உள்ள கூப்பிடற நேரம்."

ஜூலை 23

தையல் போட்ட பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேம்" என்றாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

தங்கை இன்று வேலையில் சேர்ந்தாள். என்னை 'மேடம்' என்கிறாள். அக்கா இல்லை. கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை.

உயரப் பந்துப் பயிற்சி. ரேடியோ கையுறையை மாட்டிக்கொண்டு கோலுக்குப் போனாள்.

"நீ அப்புறம். மொதல்ல மேடம் நிக்கட்டும்" என்றாள் தங்கை.

பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரேடியோவின் ஈரக் கையுறையை வாங்கி மாட்டினேன், கோணல் விரல் உள்ளே போக அடம்பிடித்தது. எனக்கு நாலடி முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் பழைய இடத்தில் போய் நின்றாள். பந்து ஓரத்திலிருந்து உயர்ந்து வந்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை, மனுஷி. அந்தக் காலோடு.

"கீப்பர்!"

வாசல் காவலாளிகூட ஓடி வந்து எட்டிப் பார்த்தாராம். அவள் ஒரு எட்டு விலகினாள். பந்து கைக்கு வந்தது. விரல் உயிர் போகிற மாதிரி வலித்தது.

"கேட்டுச்சு" என்றாள், அப்போதும் திரும்பாமல். பிறகு ஓரத்தில் நின்ற பெண்ணைப் பார்த்து, "அடுத்தது போடு."