நீச்சல் தெரியும் என்று டிக் அடித்தவள்

ஏப்ரல் 28, திங்கள்
வெள்ளகோவில் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. கிடைத்துவிட்டது! தூத்துக்குடிப் பக்கம் கடல் ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப், ஜூன் முழுக்க. இந்தத் துறைப் பக்கமே வராத வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்து இருபது பேரை எடுத்திருக்கிறார்கள். கோயமுத்தூர்க் காலேஜ்களிலிருந்து நான் மட்டும். கடலை நான் பார்த்ததே ஒரே தடவை, திருச்செந்தூருக்கு மொட்டை அடிக்கப் போனபோது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "ஒரு மாசமா கண்ணு?" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்
பட்டியல் வந்தது. நீச்சல் தெரிந்தவர்கள் 'ஏ' குழு: முதல் நாளே படகு, கடலில் இறங்கிக் கடற்புல் கணக்கெடுப்பு. தெரியாதவர்கள் 'பி': முதல் பத்து நாள் நீச்சல் வகுப்பு.

நான் ஏ.

விண்ணப்பத்தில் 'ஆம்' என்று டிக் அடித்தது நானேதான். இல்லை என்றால் எடுக்க மாட்டார்கள் என்று பயம். யார் அப்படிச் சொன்னது? யாருமில்லை. கூறுகெட்டவள், நானாக நினைத்துக்கொண்டேன்.

மே 7
முழுப் பொய்யும் இல்லை. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பசங்களோடு பசங்களாகக் குதித்தவள்தான் — மிதப்பதற்கு முதுகில் பிளாஸ்டிக் கேன் கட்டிக்கொண்டு. கேனைக் கழற்ற வேண்டிய வருஷம் பார்த்து வயசுக்கு வந்தேன். சீர் முடிந்த மறுநாளே அம்மா, "இனிமேட்டுக் கெணத்துப் பக்கம் போகக் கூடாது அம்மணி" என்றாள். அந்தக் கோடையில் சித்தப்பா மகன் மிதுன் கேனைக் கழற்றினான். நான் மேட்டில் நின்று பார்த்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. இப்போது இருபது.

மே 11, ஞாயிறு
எல்லோரும் கல்யாணத்துக்குப் போன பிறகு கிணற்றில் இறங்கினேன். கடைசிப் படியிலிருந்து கையை எடுத்தேன். நாலு அடி போயிருப்பேன், கால் கீழே இழுத்துவிட்டது. மூக்கெல்லாம் தண்ணி. மோட்டார் பைப்பைப் புடிச்சுத் தொங்கினேன். செத்துப் போயிருந்தா? ஊட்டுல யாருமே இல்லீங்களே —

யாருக்கு 'ங்க' போடுகிறேன் நான்? நோட்டுக்கா?

மே 13
சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் படகு.

மே 15, வியாழன்
ஒருங்கிணைப்பாளர் ஞானாபரணம் மேடத்துக்குப் போன் செய்தேன். "தப்பா எழுதிப்போட்டேனுங்க மேடம். நீச்சல் பாதிதானுங்க தெரியும்." "பாதின்னா?" என்றார்.

கேனைச் சொன்னேன். சீரையும் சொன்னேன். "ரெண்டு நாள்ல சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

மே 17
பதில் இல்லை.

மே 18
இன்றும் இல்லை. பாதி அடுக்கிய பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மே 19, திங்கள்
மேடத்தின் மெயில். "நீ பேசிய பிறகு 'ஏ' குழுவில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டேன். அதனால்தான் தாமதம். பதினொரு பேரில் ஐந்து பேர் 'பி'க்கு மாறுகிறீர்கள். வா."

அழுதுபோட்டேன்.

ஜூன் 4
மாறிய ஐந்து பேரில் ஜெனிஷாவும் ஒருத்தி. மீனவர் வீட்டுப் பெண், வாசலில் நின்றால் அலை தெரியுமாம். "கடக்கரையில பொறந்துட்டு நீச்சல் தெரியாதுன்னு எப்படி எழுத?" என்கிறாள். அவள் அப்பாவின் வள்ளத்தில்கூட ஏறியதில்லை. பொம்பளைப் பிள்ளை ஏறக் கூடாதாம். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு எனக்குக் கோபம் வந்தது.

ஜூன் 9
இன்றும் குடித்தேன், அரைக் குளம். இன்னும் மூன்று நாள்தான். எனக்கு மட்டும் வரவே வராதோ?

ஜூன் 10
வந்தது!

ஜூன் 14, சனி
படகில் இரண்டு தடவை வாந்தி. ஆனாலும் இறங்கினேன். கடற்புல்லுக்கு மேல் நான் நீந்துவதை ஜெனிஷா படம் எடுத்தாள். அம்மாவுக்கு அனுப்பிவிட்டுப் பதறிக்கொண்டிருந்தேன். மத்தியானம் கூப்பிட்டாள்.

"கேன் எங்க அம்மணி?"

"கழட்டிப்போட்டேனுங்கம்மா."

"அன்னிக்கு மிதுன் கழட்டறப்ப நீ மேட்டுமேல நின்னுட்டே இருந்தே. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன் கண்ணு."

சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டேன்.

திங்கள் காலை ஆறு மணிக்கு மறுபடி படகு.