அக்கரையில் நிற்கும் மூட்டைக்காரன்

அண்ணாச்சி,

இன்று காலை பூ ஏலம் முடிந்ததும் பீடிக்காகச் சட்டைப் பையில் கை விட்டேன். கையோடு வந்தது அந்த டைஸ். இருபது முகம் உள்ள நீல டைஸ். மூக்கருகே கொண்டுபோனேன். இன்னும் மல்லி வாசம் அடிக்கிறது. கடை மேஜை டிராயரில் உதிர்ந்த மொட்டுகளோடு அதைப் போட்டு வைத்தவர் நீங்கள்தானே.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவன் பக்கத்துத் தையல்கடை யேசுவடியான். நடுவில் அவன் பெருமை எதுவும் தட்டுப்பட்டால், அது நான் சொன்னதில்லை.

உங்கள் மகள் மீனா பெங்களூர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்க வந்த வருஷம் நினைவிருக்கிறதா? ஒரு பெட்டி நிறைய டைஸ் கொண்டுவந்தாள். கூட விளையாட அவள் வயசுக்கு இங்கே ஆள் இல்லை. மத்தியானத்தில் பூக்கடைக்கு ஈ கூட வராது. அதனால் நாம் மூன்று பேரும் மாட்டினோம். முதலாளி நீங்கள், சுமையாள் நான், யேசுவடியான்.

வேஷம் கட்டாத நாடகம் என்றாள். அவள் கதை சொல்வாள். ஆளுக்கொரு பாத்திரமாக நாம் உள்ளே நுழைந்து, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதை டைஸ் சொல்லும். மழை பொய்த்த நாடு. மலையில் ஒரு ராட்சசன் ஆற்றை மறித்து வைத்திருக்கிறான். ஜமீன்தார் ஆட்களோடு போய் அதைத் திறக்க வேண்டும். இதுதான் கதை. பாத்திரத்தையும் டைஸே பிரித்துக் கொடுத்தது. யேசுவடியானுக்குத் திருடன். காலையில் கோயிலில் ஜெபம், மத்தியானம் எங்களோடு களவு. எனக்கு ஜமீன்தார். உங்களுக்கு மூட்டை தூக்குகிறவன்.

அங்கேதான் ஆட்டம் நின்றது. ஜமீன்தார் மூட்டைக்காரனை ஏவ வேண்டும். நான், "அண்ணாச்சி, கொஞ்சம் இங்கன வாறியளா" என்றேன். ஜமீன் இப்படியா பேசுவார் என்று மீனா சிரித்தாள். திரும்பவும் எனக்கு அண்ணாச்சிதான் வந்தது. நீங்கள் பொறுமை இழந்தீர்கள்.

"ஏலே மாடசாமி, என்னய ஏலேன்னு கூப்பிடுலே. இல்லன்னா இந்த ஆட்டம் நகராது."

கூப்பிட்டேன். பூ உதிர்கிற சத்தம்கூட அதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். நீங்கள் எழுந்தீர்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, "சொல்லுங்க எசமான்" என்றீர்கள். யாரும் சிரிக்கவில்லை. என் அப்பா உங்கள் அப்பா முன்னால் அப்படித்தான் நிற்பார். உங்களுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். நிமிர்ந்த பிறகும் துண்டைத் தோளில் போட உங்களுக்கு நேரமாயிற்று.

மறுநாள் காலை மூட்டை இறக்கும்போது "ஏ..." என்று ஆரம்பித்து நிறுத்தினீர்கள். பிறகு, "அந்தச் சாக்க இங்கன போடும் வே" என்றீர்கள். அன்றிலிருந்து கடைசிவரை நான் உங்களுக்கு 'ஏலே' இல்லை, சமமான ஆளைக் கூப்பிடுகிற 'வே'தான். எனக்கு மட்டும் நீங்கள் அண்ணாச்சியாகவே இருந்தீர்கள்.

இந்த ஆட்டம் நம்மூரில் போணியாகுமா என்று நாம் எவ்வளவு வாதாடியிருக்கிறோம். பூ கட்டுகிற பேச்சி, கிழவர்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பாள். நான் அவள் கட்சி. நாலு பேர் ஒரு மத்தியானம் முழுக்க ஒன்றாக உட்கார வேண்டும்; ஒருத்தனுக்குக் கல்யாண வீடு, ஒருத்தனுக்குச் சாவு விழுந்த துட்டி வீடு; செல்போன் என்றால் ஒற்றை ஆள் போதும், இது ஐப்பசி மழையோடு போய்விடும் என்றேன். பெங்களூரில் இதற்கென்றே கடை இருக்கிறது, காசு கொடுத்து உட்காருகிறார்கள் என்று மீனா சொன்னபோதும் நான் நம்பவில்லை. நீங்கள்தான் விலை சொல்கிறவர் மாதிரி விரலை மடக்கினீர்கள்.

"இது மல்லி இல்ல வே, முகூர்த்தத்துக்கு வெல ஏறி மறுநாள் விழுததுக்கு. இது கனகாம்பரம். ஊரெல்லாம் வாங்காது. வாங்குதவ விடமாட்டா."

கடைசியாக ஆடிய அன்று ஆற்றில் வெள்ளம். மூட்டைக்காரன்தான் முதலில் கயிற்றைப் பிடித்து அக்கரை சேர்ந்தான். பாதை இருக்கிறதா பார்த்துவிட்டு, எசமான் கூப்பிட்டால் திரும்பி வருவதாக ஏற்பாடு. நான் வாயெடுக்கும்முன் டீ வந்துவிட்டது. "அடுத்த வாரம் கூப்பிடும் வே" என்று எழுந்து போனீர்கள். அந்த வாரத்துக்குள் நெஞ்சுவலி வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது.

பெட்டியை அதற்குப்பின் யாரும் திறக்கவில்லை. மீனாவை ஆபீசுக்குத் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். புறப்படுகிறதற்கு முன்னால், போன ஞாயிறு, பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் ஆளை என்ன செய்ய என்று கேட்டாள். வெள்ளத்தில் வீரமாகப் போகட்டும், ஜமீன்தார் ஒரு கல் நடட்டும் என்றான் யேசுவடியான். நான் சம்மதிக்கவில்லை. அவன் அங்கே நிற்கிறான். கூப்பிட வேண்டியவன் நான்.

ஏலே என்று என் வாயில் வரவில்லை. அண்ணாச்சி என்று ஜமீன்தார் சொல்ல முடியாது. நீங்கள் என்னைக் கூப்பிட்டபடியே கூப்பிட்டேன்.

"வே, இங்கன வாரும்."

உங்கள் டைஸை மீனா என் பக்கம் தள்ளினாள். பத்துக்கு மேல் விழுந்தால் வருவார் என்றாள். மூன்று விழுந்தது. அவள் அதை எடுத்து என் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"வெள்ளம் பெருசா இருக்கு மாமா. இப்ப வர முடியல. ஆனா அங்கனதான் நிக்காரு."

படியில் பூ கட்டிக்கொண்டிருந்த பேச்சி தலை நிமிராமலே கேட்டாள், "கூப்பிட்டு வரலைன்னா நீரு போகணும். இதுக்கு எதுக்கு டைஸ உருட்டிக்கிட்டு?"

மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீங்களும் ஒரு ஆளாக வருகிறீர்களா அக்கா என்றாள். பேச்சி நாரைக் கடித்து அறுத்தாள்.

"ராணி கீணி வேண்டாம். அந்த ராட்சசனக் குடு. ஒரு நாளாவது எல்லாரையும் அதட்டிப் பாக்கேன்."

மீனா போய்விட்டாள். இனி ஞாயிறு மத்தியானம் போனில் கதை சொல்வாள்; போனைத் தராசில் சாய்த்து வைப்பதாகப் பேச்சு. உங்கள் கணக்குதான் சரி அண்ணாச்சி. கனகாம்பரத்துக்கு வாங்குகிறவள் ஒருத்தி கூடியிருக்கிறாள்.

டைஸை நான் டிராயரில் போடவில்லை. பீடிக் கட்டோடு பையிலேயே கிடக்கிறது. அதோடு, உங்கள் காதில் விழும்படி ஒருநாளும் நான் சொல்லாத அந்தச் சொல்லும் என்னிடம் இருக்கிறது. இந்தக் கடிதத்தைக்கூட அண்ணாச்சி என்றுதான் ஆரம்பித்தேன், பழக்கம் விடவில்லை. வருகிற ஞாயிறு ஜமீன்தார் தானே ஆற்றில் இறங்குகிறார். மூட்டையைக் கீழே இறக்கி வையும். அங்கனயே நில்லும் வே. வாரேன்.