கன்னத்தில் காய்ந்த புற்றுமண்

அன்புள்ள மகன் மாரிராஜுக்கு, சங்கரன்கோவிலிலிருந்து அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்கக் கோமதியம்மன் துணை. இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. தறி ஓடுகிறது, உன் தங்கச்சி தேன்மொழி காலேஜுக்குப் போய் வருகிறாள், அவ்வளவுதான் நல்ல சேதி.

வீடியோ காலில் அப்பா ஏன் ஒரு பக்கத்தையே காட்டுகிறார் என்று கேட்டாயே, போனில் சொன்னால் நீயும் அழுவாய் நானும் அழுவேன் என்றுதான் எழுதுகிறேன். கோயில் ஆடித்தபசுத் திருநாளுக்கு விரதம் இருந்தவர், சாப்பாடே இல்லை ஊசி எதற்கு என்று இன்சுலினை நிறுத்திவிட்டார், நானும் சரி என்று இருந்துவிட்டேன். சுகர் தாறுமாறாக ஏறிவிட்டது. வலது கன்னம் வலித்தது, மூக்கு அடைத்தது, சொத்தைப் பல் என்றார். வீக்கம் கண்டதும் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து நான்தான் பூசினேன், எந்த நோவுக்கும் நமக்கு அதுதானே முதலில். காய்ந்ததைக் கழுவாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி பூசினேன், அடியில் தோல் கறுத்து வந்ததைப் பார்க்கவில்லை. கண்ணிமை தொங்கிப்போன பிறகுதான் திருநெல்வேலிக்கு ஓடினோம்.

மூக்குக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டரம்மா, உள்ளே சதை கருகிக் கிடக்கிறது என்றார். துண்டு எடுத்துச் சோதித்ததும் கறுப்புப் பூஞ்சை என்று உறுதியானது. நல்ல உடம்பை ஒன்றும் செய்யாதாம், சுகர் ஏறிய உடம்பைத்தான் அரிக்குமாம். அன்றைக்கே ஆபரேஷன் செய்து அழுகியதைச் சுரண்டி எடுத்தார்கள். மூளைக்கு ஏறாமல் இருக்க வலது கண்ணையும் எடுக்க வேண்டியதாயிற்று, நான்தான் கையெழுத்துப் போட்டேன். வாரக்கணக்கில் மருந்து டிரிப்பில் ஏறியது, கிட்னி தாங்குகிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மண்ணால் வந்ததா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாதும்மா, ஆனா அது மறைச்சிட்டுது, நாள் போயிட்டுது" என்றார். அப்பாவோ, "மாரிராஜுகிட்ட சொல்லிராத, வேலையப் போட்டுட்டு ஓடியாந்துருவான்" என்று சத்தியம் வாங்கினார். அதையும் மீறித்தான் எழுதுகிறேன்.

உயிர் தப்பிவிட்டது, இனிப் பயமில்லை. தீபாவளிக்கு வரும்போது அவர் முகத்தை நேராகப் பார், பார்வையைத் திருப்பிவிடாதே, அது ஒன்றைத்தான் அவர் தாங்கமாட்டார். நம் வம்சத்துக்கே சுகர் உண்டு, நீயும் டெஸ்ட் எடுத்துக்கொள். நீ நூறாயுசோடு இருக்க வேண்டும் மக்கா. இப்போது தினமும் காலையில் அவர் முகத்தை நான்தான் கழுவித் துடைத்துவிடுகிறேன். இதை அன்றைக்கு ஒரு தடவை செய்திருக்கலாம்.

உன் அம்மா,
கோகிலா