மதகுக்காரனுக்கு ஒரு வசவு

கோரோ மடு
3 ஆகஸ்ட் 2009

வெங்காயத் திருடன், மலைப் பல்லி அதிமேவுக்கு,

உன் எசமானி ஜெனேபா எழுதுவது. நலமா என்று கேட்க மாட்டேன். வெங்காயம் தின்பவனுக்கு என்ன நலம் வந்துவிடப் போகிறது? போன சந்தையில் உன் மூட்டைக்குள் செத்த கெளுத்தியைப் போட்டது நான்தான். மூன்று நாள் உன் அம்மா உன்னைக் குளிக்கச் சொல்லி விரட்டினாளாமே!

கோபப்பட உனக்கு உரிமையில்லை. பஞ்சத்தில் உன் முப்பாட்டன் சுருண்டு கிடந்தபோது, என் முப்பாட்டன் தன் தொடைச் சதையை அறுத்துச் சுட்டு ஊட்டினான். அன்றுமுதல் மீன் பிடிக்கும் எங்கள் போசோ இனமும் மலையில் வெங்காயம் போடும் உங்கள் டோகோன் இனமும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம். ஒருவர் கேட்டதை மற்றவர் மறுக்கக் கூடாது. கல்யாணம் கட்டிக்கொள்ளவும் கூடாது. அது என்மீது அல்லாஹ் வைத்த கருணை.

கால்வாய் மதகில் உனக்கு வேலை கிடைத்ததை அப்பாவிடம் சொன்னேன். "அந்த வெங்காயப் பய கையில சாவியா? ஆறே நாறிப் போயிரும்டி!" என்று சிரித்தார். அப்புறம் மெல்ல, "நம்ம ஆளு கையில இருக்கிறதும் நல்லதுதான்" என்றார்.

உன்னை விற்கவும் முடியாமல் வைத்திருக்கும்,
ஜெனேபா தியெந்தா


மதகு நிலையம்
21 ஆகஸ்ட்

மீன் செதிலே, சேற்றுத் தவளையே,

மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். படகுக்காரர் பாக்காய், "இந்தாடா, உன் எசமானி அனுப்பின நாத்தம்" என்று நீட்டினார்.

எனக்குச் சட்டை, தொப்பி, ஒரு அளவு பெரிய பூட்ஸ் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். கடல் தாண்டி வந்த கம்பெனி நெல் போடுகிறது. அரிசி அத்தனையும் கப்பலேறுமாம். மேலே அணை கட்டியதிலிருந்து ஆறு மெலிந்துவிட்டது. அதனால் வயலுக்குத் திறப்பதும், உங்கள் பக்கம் பூட்டுவதும் என் வேலை. எங்கள் மலையில் இந்த வருடமும் மழையில்லை. என் சம்பளத்தில் ஒன்பது வாய்.

பூட்ஸ் போட்டதால் இனி நான்தான் எசமான்.
அதிமே கிந்தோ


கோரோ மடு
27 செப்டம்பர்

பூட்ஸ் போட்ட ஆடு அதிமேவுக்கு,

வெள்ளம் இன்னும் வரவில்லை. மடுவில் என் கணுக்கால்கூட நனையவில்லை. மாடு மேய்க்கும் ஃபுலானி ஹம்மாதூன் புல்லில்லாமல் மாடுகளை, நெல் போடும் மார்க்காக்காரர்களின் வயலில் விட்டார். அவர்கள் தடியோடு வந்துவிட்டார்கள். முன்பு எங்களுக்குள் பஞ்சாயத்துப் பண்ணியது தண்ணீர்தான். ஏறினால் எங்களுக்கு மீன், வடிந்தால் மார்க்காவுக்கு அறுப்பு, காய்ந்தால் ஃபுலானிக்கு மேய்ச்சல். இப்போது நாட்டாமையே ஊருக்கு வரவில்லை.

கேலி போதும். கேட்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை அதிகாரிகள் தொழுகைக்குப் போனதும் எங்கள் பக்க மதகைத் திற. அரை நாள் போதும். மீன் குஞ்சுகள் மடுவுக்குள் ஏறிவிடும். இல்லாவிட்டால் இங்கே இருந்து பயனில்லை என்கிறார் அப்பா. "கேளுடி. போசோ கேட்டா டோகோன் மறுக்க மாட்டான்" என்றார். கால்வாயில் எல்லோரும் காத்திருப்போம்.

உன் ஜெனேபா


மதகு நிலையம்
3 அக்டோபர்

செதில்காரிக்கு,

மதகின் மேலே நின்றிருந்தேன். கூடைகளோடு நீங்கள் நின்றது தெரிந்தது. உன் மஞ்சள் முக்காடும் தெரிந்தது. சாவி கையில்தான் இருந்தது. திருகவில்லை.

போன மாதம் ஒருவன் கொஞ்சம் திறந்தான். அன்று மாலையே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பின்னால் ஒன்பது வாய், ஜெனேபா. மறுக்கக் கூடாததை மறுத்துவிட்டேன். திட்டு. நன்றாகத் திட்டு. இத்துடன் ஒரு மூட்டை வெங்காயம் அனுப்புகிறேன். கெளுத்தி எதுவும் போடவில்லை.

அதிமே


கோரோ மடு
12 நவம்பர்

மதிப்பிற்குரிய திரு. அதிமே கிந்தோ அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் தாயாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் அனுப்பிய வெங்காயம் கிடைத்தது. மிக்க நன்றி.

ஹம்மாதூன் மாடுகளோடு போய்விட்டார். நாளை நாங்களும் புறப்படுகிறோம். தெற்கே ஓர் அணையின் ஏரியில் மீன் கிடைக்கிறதாம். பெரிய வலையை அப்பா எடுத்துவரப் போவதில்லை. காய்ந்த மடுவின் நடுவில் விரித்து, நான்கு முனையிலும் முளையடித்துவிட்டார்.

தாங்கள் தங்கள் கடமையைச் செய்தீர்கள். தங்கள் பணி மேலும் சிறக்க வாழ்த்துகள்.

தங்கள் உண்மையுள்ள,
ஜெனேபா தியெந்தா


கோரோ மடு
5 டிசம்பர்

செதில்காரிக்கு,

உன் கடிதத்தில் மூன்று முறை தேடிவிட்டேன். ஒரு வசவுகூட இல்லை.

நேற்று மதகைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை, பட்டப்பகல். சாவியையும் பூட்ஸையும் வாங்கிக்கொண்டார்கள். தண்ணீரின் கூடவே கால்வாய் ஓரமாக நடந்து உங்கள் ஊருக்கு வந்தேன். உன் அப்பாவின் வலைக்கு மேல் முழங்கால் அளவு தண்ணீர். அதில் விரல் நீளக் கெளுத்திகள் சிக்கித் துடித்தன. கண்ணியிலிருந்து எடுத்துவிட எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆளில்லை.

"ஏரி பெருசுடா, அங்க யாரைன்னு தேடுவேன்?" என்கிறார் பாக்காய். இருந்தாலும் கொடுத்தனுப்புகிறேன். எழுத உனக்குச் சோம்பல் என்று தெரியும். வசவுகளை நானே எழுதியிருக்கிறேன். ஒன்றின் கீழே கோடு போட்டு அனுப்பு, போதும்.

வெங்காயத் திருடன்.
மலைப் பல்லி.
பூட்ஸ் போட்ட ஆடு.
மதகுக்காரன்.

அதிமே