நகல் எடுக்காத காகிதம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். போர்முனை முகாமில் எங்கள் எல்லோருக்கும் சட்டைக் காலரில் அந்தக் கருவியை மாட்டிவிட்டார்கள். காயம்பட்டவனுக்கு என்ன செய்கிறோம் என்று வாயால் சொன்னால் போதும். சிகிச்சைச் சீட்டை அதுவே எழுதி அடுத்த முகாமுக்கு அனுப்பிவிடுகிறது. ரத்தக் கையோடு பேனா தேட வேண்டியதில்லை. "ஊமை டாக்டரையே பேச வெச்சிருச்சே இந்த டப்பா" என்று உதவியாட்கள் சிரிக்கிறார்கள்.

இந்தக் கருவி வந்தால் ஆஸ்பத்திரியில் உங்கள் பதிவறையை மூடலாம் என்று நான் சிபாரிசு எழுதியதில் இன்னும் கோபமா? அண்ணியிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

உங்கள் தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

கோபமெல்லாம் இல்லை. இருபத்திரண்டு வருடம் நான் உட்கார்ந்திருந்த அறையில் இப்போது உடைந்த சக்கர நாற்காலிகள் இருக்கின்றன. எனக்குச் சரக்கறையில் ஒரு மேசை. போர்வை மடிக்கிறவர்களை மேற்பார்வை பார்க்கிறேன். படித்த படிப்புக்கு ஏற்ற வேலைதான்.

ஒன்று மட்டும். இங்கே ஆஸ்பத்திரியில் சோதனை நடந்த நாற்பது நாளும் அந்தக் கருவியோடு இருந்தவன் நான். சொன்னதை எழுதும், செய்ததை எழுதாது. வேலை மும்முரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு வாயை மூடிவிடுவாய் நீ. சின்ன வயதில் பட்டம் ஒட்டும்போதும் அப்படித்தான். ஊசி போட்டால் உரக்கச் சொல்.

இந்தக் கடிதத்துக்கும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பழக்கம் விடவில்லை.

அண்ணன்

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

தொடை சிதைந்து வந்த ஒருவனுக்கு வலிமருந்து ஊசி போட்டேன். போட்டதைச் சொல்ல நான் வாய் திறக்கவில்லை. சீட்டில் இல்லாததால் அடுத்த முகாமிலும் அதே ஊசியைப் போட்டார்கள். மூச்சு நின்றுவிட்டது.

"நான் உரக்கச் சொன்னேன், கருவிதான் எழுதாமல் விட்டுவிட்டது" என்று விசாரணையில் சொல்லியிருக்கிறேன். உங்களையும் கேட்பார்கள். அது சில சமயம் விட்டுவிடும் என்று ஒரு வரி எழுதுங்கள். என் சீருடை தப்பும். உங்கள் அறையும் திரும்பி வரும். இந்த ஒரு தடவை, அண்ணா.

தம்பி

மே 2

தம்பிக்கு,

கேட்டார்கள். அந்தக் கருவியை என்னைப் போல வெறுப்பவன் யாரும் இல்லை. ஆனால் நாற்பது நாளில் காதில் விழுந்த ஒரு சொல்லையும் அது விட்டதில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். உன்னை முன்பே எச்சரித்தேனா என்று அவர்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்லவில்லை.

உன் ஏப்ரல் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இத்தனை வருடத்தில் என் கைக்கு வந்து நான் நகல் எடுக்காத காகிதம் இது ஒன்றுதான்.

இனி எழுதுவதானால் உன் அண்ணிக்கு எழுது.

அண்ணன்