இரண்டு இடப்பக்கம் கொண்ட டாங்கி

அன்புக்கும் என் கோபத்துக்கும் உரிய மச்சானுக்கு,

"மாப்பிள்ளை, ரெண்டு தகட்டையும் ஒண்ணாச் சேத்து இறுக்கி வெட்டுனா, ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி வருமில்லீங்க?" என்று கேட்டீர்கள். உங்கள் கூடத்து மேசையில் நெய் டின்னைப் பிரித்துத் தட்டி நிமிர்த்திய இரண்டு தகடுகள் கிடந்தன. "வரும் மச்சான், ஆனா வெட்டுன பிறகு…" என்று நான் ஆரம்பித்தேன். 'வரும்' என்ற சொல் காதில் விழுந்ததும் நீங்கள் கத்தரியை எடுத்துவிட்டீர்கள். பதில் பாதியில் இருக்கும்போதே எழுந்து ஓடுகிற பிள்ளைகளை என் கணக்கு வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அப்படி ஓடிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. திதிக்குள் நீங்கள் பாதியில் விட்ட அந்த டாங்கியை முடித்துக் கூடத்தில் வைத்துவிட வேண்டும் என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு ஒரு நிபந்தனையும் போட்டாள். "அவரு கைபட்ட தகடு ஒண்ணையும் தூக்கிப் போடக் கூடாது, ஆமா." உங்கள் கைபட்ட தகட்டில்தான் தப்பே இருக்கிறது என்று ஒரு விதவையிடம் எப்படிச் சொல்வது? இந்தத் தலைவலியை என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்விட்டீர்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும். என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், நில அளவை வேலையில் இருந்தவர். எங்கள் மலையில் பைல் நாட்டு மேடு பள்ளமெல்லாம் சங்கிலி பிடித்து அளந்தவர். வேலை முடிந்ததும் எல்லோரும் மிளகுக்கொடி வைப்பார்கள், பேரப் பிள்ளைகளைக் கொஞ்சுவார்கள். இவர் முதல் உலகப் போரில் ஓடிய பழைய டாங்கி ஒன்றைச் சின்ன அளவில், கடையில் ஒரு பாகமும் வாங்காமல், தன் கையாலேயே செய்யப் போகிறேன் என்றார். எங்கோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டாராம். ஒன்றுக்குப் பதினாறு அளவில் வரைபடமும் போட்டுவிட்டார்.

இப்போது நாம் பார்க்கிற டாங்கி மாதிரி அது இருக்காது. மேலே சுழலும் தலை கிடையாது. பக்கவாட்டில் பார்த்தால் யாரோ ஒரு மூலையைப் பிடித்து இழுத்துவிட்ட சாய்சதுரம். அந்தச் சாய்சதுரத்தின் விளிம்பைச் சுற்றி இரும்புப் பட்டை ஓடும். பதுங்குகுழியைத் தாண்டி எதிர்க்கரையில் ஏற வேண்டுமே, அதற்காக மூக்கு உயர்ந்திருக்கும், வால் தணிந்திருக்கும். ஆள் நடக்கிற வேகம்தான். அதை ஓட்டவே நான்கு பேர் வேண்டும். உள்ளே எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காதென்று இரும்பில் தட்டித் தட்டித்தான் சேதி சொல்வார்களாம். "என் குடும்பமும் அப்படித்தானுங்க நடக்குது" என்று அக்கா காதில் விழும்படியே சொல்வீர்கள்.

பக்கத்துத் தோட்டத்து மாதையன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க சர்வேயரே, குச்சிக்கிழங்கு அரைக்கிற மிசினுங்களா?" என்றார். "ஆமாங்க, மொதல்ல உங்களப் போட்டு அரைச்சுப் பாக்கப் போறேன்" என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்தீர்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். அதுதான் அந்தக் கூடத்தில் நான் கடைசியாகச் சிரித்தது.

வினை ரிவிட்டில் வந்தது. அந்த டாங்கியின் உடம்பு முழுக்க ரிவிட் தலைகள் வரிசை வரிசையாகப் புடைத்திருக்கும். தகட்டை ரப்பர் விரிப்பில் வைத்து, பின்பக்கத்திலிருந்து மழுங்கிய ஊசியால் அழுத்தினால் முன்பக்கம் அப்படியே புடைத்து வரும். அருமையான வழி. ஆனால் இரண்டு தகட்டையும் மூக்கு ஒரே திசையில் இருக்கும்படி வைத்து, ஒரே வரைபடத்தைப் பரப்பி, ஒரே பக்கமாகக் குத்தித் தீர்த்துவிட்டீர்கள். இரண்டும் இடப்பக்கம். ஒன்றை வலப்பக்கத்தில் வைத்தால் ரிவிட் தலையெல்லாம் வண்டிக்கு உள்ளே போய்விடும். டாங்கிக்கு வலப்பக்கமே இல்லை.

கடையில் செருப்பு வாங்கி வீட்டில் வந்து பார்த்தால் இரண்டும் இடது கால் செருப்பு என்றால் எப்படி இருக்கும்? அளவு ஒன்று, தோல் ஒன்று, தையல் ஒன்று. நடக்க முடியாது, அவ்வளவுதான். இந்த உதாரணத்தை அன்றைக்கே சொன்னேன். நீங்கள் ஒரு தகட்டை முன்பின்னாகத் திருப்பி வைத்து, "இப்பப் பாருங்க, ரிவிட்டு வெளிய வந்துருச்சுல்ல?" என்றீர்கள். வந்தது. மூக்கும் பின்னால் போய்விட்டது. வண்டியின் ஒரு பக்கம் மலை ஏறுகிறது, மறுபக்கம் அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு இறங்குகிறது.

"செவுத்தோரமா வெக்கப் போறேன் மாப்பிள்ளை. ஒரு பக்கந்தான் கண்ணுக்குத் தெரியும்."

இதைக் கேட்டதும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிகிற பக்கம் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்றால், வாத்தியார் திருத்தாத பக்கத்தில் பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் எழுதலாமா? அளந்து கல் நட்ட இடத்தை எத்தனை பேர் வந்து கெஞ்சினாலும் மாற்றாத ஆள் நீங்கள். அந்தப் பிடிவாதத்தை நான் மதித்தேன். தப்பாக நட்ட கல்லுக்கும் அதே பிடிவாதம் என்றால் அதற்கு வேறு பேர்.

நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னீர்கள்: "மாப்பிள்ளை, ரிட்டையர் ஆனப்பவே உங்க பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டு வந்திருக்கோணுமுங்க. என் ஊட்டுல கொண்டாந்து தொறக்காதீங்க."

ஒரு மனிதனை 'ங்க' போட்டு இவ்வளவு கேவலமாக ஏச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எழுந்து வந்துவிட்டேன். அதன்பிறகு ஒரே ரோட்டில் எதிரெதிரே வந்தோம். நீங்கள் பஸ் நேரம் பார்ப்பதுபோல் வானத்தைப் பார்ப்பீர்கள். வானத்தில் என்ன பஸ் மச்சான்?

மூச்சுத் திணறிய அன்று, கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காரில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு உங்களைச் சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். அப்போதும் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிற நிலையில் இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். எனக்கு இன்னமும் அதில் சந்தேகம் உண்டு.

சரி, இந்த மாதத்துக் கதைக்கு வருகிறேன். அக்காவுக்குத் தெரியாமல் என் வீட்டிலேயே புதிதாக ஒரு வலப்பக்கத் தகடு வெட்டி, ரிவிட் குத்தி, போன வாரம் எடுத்துக்கொண்டு போனேன். பழையதை எடுத்துவிட்டு இதைப் பொருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அக்கா பையைத் திறந்தே பார்த்துவிட்டாள்.

"இது என்னடா?"

"வலப்பக்கம் அக்கா. அவரு செஞ்சது பொருந்தாது."

"அப்ப எங்கூட்டுக்காரரு செஞ்சது குப்பையா? உசுரோட இருந்தப்ப வந்து எட்டிப் பாக்கல. இப்பத் திருத்த வந்துட்டாரு பெரிய வாத்தியாரு!"

உள்ளே போனாள். துண்டில் சுற்றி வைத்திருந்த உங்கள் இரண்டாவது தகட்டைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். "பாருடா, கண்ணத் தொறந்து பாரு. இதுல என்ன குத்தம்?"

பார்த்தேன். வால் பக்கத்து வரிசையில் புடைப்புகள் எல்லாம் தட்டி அமுக்கப்பட்டிருந்தன. அதே இடங்களில், மறுபக்கமாக, ரிவிட் தலைகள் புதிதாக எழும்பியிருந்தன. இரண்டு தகட்டின் வெளிக்கோடும் ஒன்றுதானே? ஒன்றை மூக்கு மாறாமல் வலப்பக்கத்துக்குக் கொண்டுபோய், உள்ளே போய்விட்ட ரிவிட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினால் அதுவே வலப்பக்கம். அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறீர்கள். அடுத்த வரிசையில் பாதிவரை வந்து நின்றிருக்கிறது.

"இது எப்பக்கா?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால, நாலஞ்சு நாளா இதையேதான் தட்டிட்டு இருந்தாரு. குத்துனதையே ஏனுங்க திருப்பிக் குத்தறீங்கன்னு கேட்டேன். உந்தம்பிகிட்ட மூச்சு உடாதேன்னாரு."

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வந்து சிரிப்பேன்னாருடா."

"சிரிக்கவாவது வந்திருப்பேனே அக்கா."

அவள் முந்தானையால் தகட்டைத் துடைத்தாள். தூசு ஒன்றும் இல்லை.

ஆக, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொன்னது சரி என்று தெரிந்த பிறகும் ரோட்டில் வானத்தைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். எங்கள் வாசலைத் தாண்டித்தானே டீக்கடைக்குப் போனீர்கள்? "மாப்பிள்ளை, நீங்க சொன்னது சரிதான்" என்று சொல்ல வேண்டாம். அவ்வளவு நான் எதிர்பார்க்கவே இல்லை. "மாப்பிள்ளை, ஊசி வளைஞ்சு போச்சு, வேற இருக்குதா?" என்று கேட்டிருக்கக் கூடாதா? மீதி எனக்குப் புரிந்திருக்குமே. என்னைப் பார்த்தால் அவ்வளவு மண்டு மாதிரியா இருந்தது?

நான் உங்களை மன்னிக்கவில்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தப்பான தகட்டுக்காக இல்லை. அது யாருக்கும் வரும். திருத்துகிற வேலையைத் தனியாக உட்கார்ந்து செய்தீர்களே, அதற்காக.

இப்போது நாள்தோறும் காலையில் காபி குடித்ததும் உங்கள் மேசைக்கு வந்துவிடுகிறேன். நீங்கள் விட்ட பாதி வரிசையிலிருந்து தொடங்கினேன். ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அமுக்கும்போது அடியில் ரப்பர் வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் வரிசையில் தகடு நெளிந்திருக்கிறது. புடைப்பை எழுப்ப ரப்பர் சரி. அமுக்கக் கெட்டி மரக்கட்டை வேண்டும். நான் பலாக்கட்டை வைத்துத் தட்டுகிறேன். சமமாக இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் இதற்கும் ஒரு சண்டை போட்டிருப்பீர்கள். அந்தச் சண்டைக்கு இப்போது ஆள் இல்லை. தட்டுகிற சத்தம் நின்றால் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது மச்சான்.

நான் வெட்டிக்கொண்டு வந்த புதுத் தகட்டை அக்கா அடுப்படியில் எண்ணெய்ச் சட்டிக்கு மூடியாக வைத்துவிட்டாள். அதையும் உங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். சந்தோஷப்படுவீர்கள் என்று தெரியும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திதியன்று உங்கள் டாங்கி முழுதாக நிற்கும். உங்கள் இரண்டு தகடும் அதில் இருக்கும். உங்கள் நெளிந்த வரிசையை நான் நிமிர்த்தமாட்டேன். என் வரிசைகள் அதன் பக்கத்தில் நேராக நிற்கும். வருகிற ஒவ்வொருவரிடமும் எது யார் வேலை என்று விரல் வைத்துக் காட்டுவேன். முதல் தப்பு யாருடையது என்பதையும் விடாமல் சொல்லுவேன். முடிந்தால் எழுந்து வந்து மறுத்துப் பேசுங்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. பேச்சு நின்றுபோன ஆள் உங்களுக்கும் ஒருவர் இருப்பார். சமாதானம் பேச வேண்டாம், விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காகவாவது இன்றைக்கு அவருக்கு ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத,
உங்கள் மாப்பிள்ளை