சின்னத் தட்டும் பெரிய தோசையும்

இன்று காலை உன் கேமரா டப்பாவைத் திறந்தேன். முதலில் கிராம்பு வாசனை வந்தது, அதன் பின்னால் ரப்பர் வாசனை. பெங்களூர் மழைக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும் என்று எல்லா போட்டோகிராபர்களும் ஈரத்தை இழுக்கும் சிலிக்கா பொட்டலம் போட்டு வைப்பார்கள். நீ அதோடு ஒரு பிடி கிராம்பும் போடுவாய். எதற்கு என்று கேட்டால், "பூஞ்சணத்துக்கு காரம் ஆவாதுடா மச்சான்" என்பாய். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன் ஐம்பது எம்எம் லென்ஸைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாக இருக்கிறது. நீ விட்ட கதைகள்கூட வேலை செய்கின்றன.

இதை நானே எழுதுகிறேன். நீ நம்பமாட்டாய். நாம் படம் எடுக்கப் போகும் மண்டப வாசலில் பூவால் எழுதிய பெயர்களை நீ வாசித்துச் சொன்னால்தான் எனக்கு அது யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியும். இப்போது நூலக மாடியில் பெரியவர்களுக்கு நடக்கும் தமிழ் வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டப் பழகிவிட்டேன். ஒரு பத்தி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். ஒரு வாக்கியம் முடிந்து புள்ளி வைக்கும்போது, கல்யாண வீட்டில் முதல் பந்தியிலேயே இலை கிடைத்தது போல இருக்கிறது. நாம் என்றைக்குமே கடைசிப் பந்தி ஆட்கள்தானே.

கோலார் தங்கவயலில் உன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். பெங்களூருக்கு வந்த பிறகு நான் பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் பெட்டி கட்டினேன். முகூர்த்த நாட்களில் லீவு சொல்லிவிட்டு உன்னோடு வந்து லைட் பிடித்தேன். "ஒங்கப்பன் தலையில லைட்டு வச்சிகினான், நீ கையில வச்சிகினு இருக்கிற. ஒங்க வம்சமே வெளிச்சம் காட்டுற வம்சம்டா" என்று கிண்டல் செய்வாய்.

லைட் பிடிப்பவனின் இடம் படத்துக்கு வெளியே, ஓரத்தில். அவன் நிழல்கூட உள்ளே விழக் கூடாது. எத்தனையோ குடும்பங்களின் சந்தோஷத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், ஓர் ஆல்பத்திலும் நான் இல்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. வேலை அப்படி.

பிறகு உன் வலது தோள் பிடித்துக்கொண்டது. உன் பெரிய கேமராவும் நீட்டு லென்ஸும் சேர்ந்தால் ஒரு கைக்குழந்தையின் கனம். சட்டை மாட்டிக்கொள்ளவே உன் மனைவியின் உதவி வேண்டியிருந்தது. இனி அந்தக் கனத்தைத் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். உன் மகன், "போதும்பா, வீட்ல இரு" என்றான். சில நாள் நீ என் பக்கமே வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு செகண்ட் ஹேண்ட் கேமராவை எங்கள் வீட்டு மேசைமேல் வைத்தாய். பெரிய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி ஏறி ஏறி இறங்குமே, அந்தக் கண்ணாடியே இதில் கிடையாதாம். அதனால்தான் இவ்வளவு சின்னதாம்.

"இதுக்கு லென்ஸு எங்கடா?" என்றேன்.

"லென்ஸு நம்மகிட்ட இல்லியா? இத்தினி வருஷம் பார்த்த கண்ணுடா அது. ஒடம்பு மாறிச்சின்னா கண்ணையும் மாத்திக்குவாங்களா?"

பையிலிருந்து ஒரு கறுப்பு வளையத்தை எடுத்தாய். அதன் ஒரு பக்கம் சின்னக் கேமராவில் பொருந்தியது, மறுபக்கம் உன் பழைய லென்ஸ் பொருந்தியது. மாட்டி முடித்ததும் கேமராவைவிட லென்ஸ்தான் பெரிதாகத் தெரிந்தது. என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு, "மாமா, பூனைக்கு தும்பிக்கை வச்ச மாதிரி இருக்குது" என்றாள். உனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பட்டனை அழுத்தினாய். படம் விழவில்லை. திரையில் ஏதோ எழுத்து வந்தது. நீ மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தாய்.

"லென்ஸு மாட்டலியாம்டா. இம்மாம் பெருசு தொங்குது, அதுக்குத் தெர்லியாம்."

அந்த வளையம் வெறும் வளையம்தான். அதன் வழியாக மின்சாரம் போகாது. அதனால் தன் முகத்தில் ஒரு லென்ஸ் இருக்கிறது என்பதே கேமராவுக்குத் தெரியாது. நீ பொறுமையாகப் பட்டன்களைத் தட்டித் தட்டி, லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று சொல்கிற ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாய். அதன் பிறகு கேமரா சண்டை போடவில்லை. லென்ஸின் எண் வர வேண்டிய மூலையில் இரண்டு கோடு போட்டுவிட்டுப் படம் எடுத்தது. "இல்ல இல்லன்னு சொல்லிகினே கொடுக்குது பாரு, எங்க பெரியப்பா மாதிரி" என்றாய்.

முதல் படத்தில் என் மகளின் கண்ணும் மூக்கும் மட்டும்தான் இருந்தன. அவள் உனக்கு எதிரில், நீ எப்போதும் முகம் எடுக்கிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு விளங்கவில்லை. நீ இப்படிச் சொன்னாய்: "லென்ஸு ஊத்துற தோச அதே பெரிய தோசதான். இந்தக் கேமராக்குள்ள இருக்கிற தட்டு சின்னது. நடுவுல இருக்கிறது மட்டும்தான் தட்டுல விழும், ஓரமெல்லாம் வெளிய பூடும். வுடு, ஓரத்துல எப்பவும் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும். நடு தோசதான் நல்ல தோச."

"எனக்கு ஓரம்தான் புடிக்கும்" என்றேன்.

"நீ ஓரத்துலியே நின்னு பழகினவன். அப்டிதான் சொல்லுவ."

எனக்கு உன்மேல் இருந்த மரியாதை அதற்குப் பிறகு நடந்ததால்தான் இரண்டு மடங்கானது. உன் கால்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஐம்பது எம்எம் போட்டால் இங்கே நிற்க வேண்டும் என்று உன் செருப்புக்கே தெரியும். சின்னத் தட்டு அந்தக் கணக்கைக் கெடுத்துவிட்டது. இப்போது இரண்டு மடங்கு தூரம் பின்னால் போனால்தான் அதே ஆள் அதே அளவில் உள்ளே அடங்குவார். கேமரா தானாக ஃபோகஸ் செய்யாது, லென்ஸின் வளையத்தை விரலால் திருப்ப வேண்டும். எங்கே கூர்மையோ அங்கே திரையில் சிவப்பு மினுங்கும். இவ்வளவையும் அந்த வயதில் நீ அடியிலிருந்து பழகினாய்.

ஞாயிறுதோறும் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போனோம். கூட்டத்துக்குள் பின்னால் நடக்கப் பழகினால் மண்டபத்தில் பயமில்லை என்பது உன் யோசனை. நீ கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு பின்னால் போவாய். நான் உன் சட்டையைப் பிடித்து, படி, பள்ளம், ஆட்டோ என்று சொல்லிக்கொண்டே வருவேன். ஒருநாள் எனக்கும் கவனம் தப்பி, இருவரும் ஒரு தள்ளுவண்டிமேல் போய்ச் சாய்ந்தோம்.

"க்யா சாச்சா, கொய்யாக்கா மேலயே ஒக்காந்துக்குவீங்களா?" என்றார் வண்டிக்காரர்.

"பழம் நல்லா மெத்துனு இருக்குது பாய்" என்று நீ எழுந்து, அவரையே ஒரு படம் எடுத்துக் காட்டினாய். தாடியின் ஒவ்வொரு நரையும் தெரிந்தது, பின்னால் இருந்த சந்தைக் கூட்டம் முழுக்கப் பால்போலக் கரைந்திருந்தது. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நானா சாச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். நசுங்கிய பழங்களைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் சித்தப்பா உன் கேமராவைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். "சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. இது பசங்க ஆடுற சாமான் மாதிரி இருக்குது. எங்க பக்கத்துல பெரிய ஸ்டூடியோ ஆளுங்க இருக்கிறாங்க." நான் முடியாது என்றேன். என் மகளை என் நண்பன்தான் எடுப்பான், அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். படம் கெட்டால் மகளுக்குக் கல்யாணப் படம் இல்லை. உனக்கு அதன் பிறகு யாரும் கல்யாணம் கொடுக்கப் போவதில்லை. இது இருவருக்கும் தெரியும்.

தொம்மலூரில் சின்ன மண்டபம். புத்தர் சிலைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, பஞ்சசீலம் சொல்லி, மாலை மாற்றுவது எங்கள் வழக்கம். நான் பெண்ணின் அப்பா என்பதால் லைட் பிடிக்க உன் தெரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்திருந்தாய். மண்டபத்து மேனேஜர் வேறு, "ஸ்வல்ப பேக மாடி சார், மத்தியானம் இன்னொரு ஃபங்ஷன் இதெ" என்று கன்னடம் கலந்து அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்.

மாலை மாற்றும் நேரம் வந்தது. நீ பின்னால் போய்க்கொண்டே இருந்தாய். உன் முதுகு சுவரில் இடித்தது. அதற்கு மேல் போக இடம் இல்லை. அகலமாகப் பார்க்கும் இன்னொரு பழைய லென்ஸ் பையில் இருந்தது, அதை மாட்டினால் எல்லாம் அடங்கும், ஆனால் மாற்ற நேரம் இல்லை. ஐம்பதில் பெண் வந்தால் மாப்பிள்ளை வெளியே போனான், மாப்பிள்ளை வந்தால் பெண் வெளியே. மேடைமேல் நின்றபடி உன் முழங்கை இப்படியும் அப்படியும் போவதைப் பார்த்தே அது எனக்குப் புரிந்தது. சித்தப்பாவும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உன் முழங்கை ஆடாமல் நின்றது. நீ காத்திருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். மாலைக்காக இருவரும் தலை குனிந்து நெருங்கும்போது மட்டும் இரண்டு முகமும் அந்தச் சின்னத் தட்டில் அடங்கும். ஒரே ஒரு நொடி. அந்த நொடிக்கு வெளிச்சம் சரியாக இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியனோ லைட்டை நேராக மகளின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார். அவள் கண் கூசி இடுக்கியது.

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, லைட்டை வாங்கி, பக்கவாட்டில் போய், உயரத் தூக்கிச் சாய்த்தேன். மகளின் கண் திறந்தது.

நீ கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "வந்துட்டியா" என்றாய்.

"எப்டி தெரியும்?"

"வெளிச்சத்தப் பார்த்தா தெரியாதா? பொண்ணுக்கு அப்பன்டா நீ, மேல போ."

"மால போடட்டும், போறேன்."

இருவரும் குனிந்தார்கள். நீ எடுத்தாய். மேடையிலிருந்து சித்தப்பா, "பொண்ணோட அப்பா எங்கய்யா காணோம்?" என்று கத்தினார். யாரோ, "அவர் லைட்டு புடிக்கப் போயிட்டாரு" என்றார்கள். மண்டபமே சிரித்தது. மகள் மட்டும் சிரிக்காமல் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நீ ஓசையில்லாமல் என் பக்கம் திரும்பியிருக்கிறாய். எனக்குத் தெரியாது.

ஆல்பம் வந்தபோது சித்தப்பாதான் முதலில் புரட்டினார். மாலை மாற்றும் படம் வந்ததும் பக்கத்தைப் புரட்டாமல் கையை அதிலேயே வைத்திருந்தார். இரண்டு நெற்றிகள், நடுவில் மல்லிகை, வேறு ஒன்றுமே இல்லை. பிறகு உன்னைப் பார்த்து, "எங்கம்மாவ ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா?" என்று கேட்டார். நீ, "சாமான் சின்னது, பரவால்லியா?" என்றாய். அவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு உனக்கு எத்தனை கல்யாணங்கள். கடைசி முகூர்த்தம்வரை அந்தப் பூனையும் தும்பிக்கையும்தான்.

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் நான் இருந்தேன். மடித்துக் கட்டிய பட்டு வேட்டி, தூக்கிய கை, லைட்டின் மிச்ச வெளிச்சம் முகத்தில். நடுவில் நான் மட்டும். "ஓரத்த வெட்டிட்டேன் மச்சான்" என்றாய். அந்த வயதில் உன் கால்கள் புதிதாக நடக்கப் பழகின என்றால், என் கண்கள் எழுத்துக்குப் பழகாதா என்று அன்று இரவு தோன்றியது. வகுப்பில் சேர்வதற்குள் நீ கண்ணை மூடிவிட்டாய். அது ஒன்றுதான் வருத்தம். எழுத்துப் பிழைக்கு நீ என்னென்ன கிண்டல் செய்திருப்பாய்.

டப்பாவை உன் மனைவிதான் கொடுத்தார். "அண்ணா, இது ஒங்ககிட்ட இருந்தாதான் அவரு என்னைத் திட்ட மாட்டாரு" என்றார். இன்று மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். இத்தனை வருடத்தில் அவரைத் தனியாக ஒரு படம் நீ எடுத்ததே இல்லையாம். "ஊர்ல இருக்கிற பொண்ணுங்களையெல்லாம் எடுத்தாரு" என்று சொல்லிவிட்டு, பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். லைட் பிடிக்க ஆள் இல்லை. ஜன்னல் திரையை விலக்கினேன். வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். முகம் முழுதாக அடங்கும்வரை பின்னால் போனேன். முதுகு சுவரில் இடித்தது. விரலால் வளையத்தைத் திருப்பினேன், அவர் இமையில் சிவப்பு மினுங்கியது.

திரையின் மூலையில் வழக்கம்போல இரண்டு கோடு. லென்ஸ் இல்லை என்று கேமரா சொன்னது. சொல்லட்டும் என்று அழுத்தினேன். படம் விழுந்தது.